தூக்குச்சட்டியில் வந்த சாயங்காலம்

1985ஆம் ஆண்டு மே மாதம் இருபத்தேழாம் தேதி, திங்கட்கிழமை, தாராவி கிராஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பேட்டரிக்கடை ஷேக் பரீத்தின் வீட்டுக்குள் பொழுது சாயவில்லை. வெளியே வழக்கம்போல் சாய்ந்தது. ஏழு பத்துக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், கடைகளில் விளக்கு போட்டார்கள், கோழிகள் கூட்டுக்குள் போயின. ஷேக் பரீத்தின் வீட்டுக்குள் மட்டும் பிற்பகல் நாலு மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் சந்தில் பேசப்பட்ட விஷயங்களில் இது மூன்றாவது இடத்தில் இருந்தது. குழாயில் தண்ணீர் நாற்பது நிமிடம்தான் வந்தது என்பது முதல் விஷயம். வெங்காய விலை இரண்டாவது.

அந்த வெயில் உள்ளே வந்த வழி இதுதான். ஷேக் பரீத் லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றித் தருகிற தொழில் செய்தார். பழைய பேட்டரி எடுப்பதற்காக மாதம் இருமுறை தாருகானாவில் கப்பல் உடைக்கிற இடத்துக்குப் போவார். அந்த வருடம் பிப்ரவரியில் அங்கே இரும்புக் குவியலுக்கு நடுவில் ஒரு தகடு கிடந்தது. கண்ணாடிக்கு அடியில் நீலக் கறுப்பாக முப்பத்தாறு வட்டங்கள். பெரிய இட்லித் தட்டுக்குக் கண்ணாடி போட்டது போல இருந்தது. விற்றவனுக்கு அது என்னவென்று தெரியாது, எடைக்குப் போட்டான். ஷேக் பரீத் மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் துள்ளி மறுகோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. வெயிலைக் கரண்டாக மாற்றும் தகடு என்று அவருக்குப் புரிந்தது. நடுக்கடலில் கப்பலுக்கு வழி காட்டும் விளக்குமிதவையின் தலையில் ஏழு வருடம் இருந்த தகடு அது. கடலில் மரம் இல்லை, மாடி இல்லை, துணி காயப்போட்ட கொடி இல்லை. நிழல் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே தெரியாமல் வளர்ந்த தகடு. இந்த ஒரு விஷயத்தை அவர் அப்போதே யோசித்திருக்கலாம். தொழிலில் கெட்டிக்காரர்கள் பலரும் யோசிக்க வேண்டிய ஒன்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

தகரக் கூரையில் தகட்டைப் படுக்கவைத்து, ஒரு லாரி பேட்டரியில் இணைத்து, வீட்டில் பல்பு போட்டார். அந்த வெளிச்சம் பல்பு வெளிச்சம் போல மஞ்சளாக இல்லை. வெயில் போலவே இருந்தது. தொட்டியில் இருந்த புதினா ஜன்னலை விட்டுவிட்டுப் பல்பைப் பார்த்துச் சாய்ந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் பேட்டரி நிறைந்துவிட்டது. இன்னொன்று வைத்தார், அதுவும் நிறைந்தது. மனைவி சுலைகாவிடம் தொழில் நுணுக்கம் சொன்னார்: "ஏத்துறது பெரிசில்ல, கேட்டியா. ஃபுல் ஹோ கயா, நெறைஞ்சு போச்சுன்னா எங்கயாவது எறக்கிரணும். இல்லேன்னா உள்ள தண்ணி கொதிச்சு, பிளேட்டு வளைஞ்சு போவும்."

ஆகவே இறக்க ஆரம்பித்தார். லாரியில் மாட்டுகிற சின்ன மின்விசிறி ஒன்றை நாள் முழுக்க ஓட விட்டார். கேசட் பெட்டியை யாரும் கேட்காதபோதும் பாட விட்டார். வாளித் தண்ணீரில் கம்பிச் சுருளை முக்கிச் சுடவைத்தார். மிஞ்சியதை எதிர் வீட்டு இட்லி வியாபாரி பிரம்மநாயகத்துக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தார். அங்கே ஒரு பழைய லாரி மோட்டார் ஆட்டுக்கல்லைச் சுற்றியது. அரைத்த மாவு, இரவெல்லாம் புளிக்க வேண்டியது, அரை மணி நேரத்தில் பொங்கி வழிந்தது. அப்படியும் மிஞ்சியது. சந்தில் மொத்தம் பதினெட்டு வீடு. ஒவ்வொன்றாகக் கம்பி போயிற்று. தையல்காரர் வாங்கிக்கொண்டார், அப்பளம் போடும் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் கேட்காமலே கையை நீட்டின. பதினேழாவது வீடு வரை கம்பி போனது. ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அது ஷேக் பரீத்தின் வீட்டோடு ஒரே தகரச் சுவரைப் பகிர்ந்துகொண்ட பக்கத்து வீடு. அங்கே போகக் கூடாது என்று சொன்னவள் சுலைகா.

பக்கத்து வீட்டில் இருந்தவள் சேசம்மாள். அவளுடைய கணவர் இன்னாசிமுத்து மில்லில் தறி ஓட்டியவர். இரண்டு சிறு பெண்பிள்ளைகள். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம். ஒன்று பள்ளிவாசலுக்கும் ஒன்று மாதா கோயிலுக்கும் போகும் என்பதைத் தவிரப் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. நடுச்சுவரில் கையளவு ஓட்டை ஒன்று இருந்தது. தீப்பெட்டி, பச்சை மிளகாய், ஊர்வம்பு மூன்றும் அதன் வழியேதான் போய் வந்தன. நோன்பு மாதத்தில் சுலைகா தூக்குச்சட்டி நிறையக் கஞ்சி அனுப்புவாள். மறுநாள் சட்டி திரும்பி வரும்போது அடியில் ஒரு பிடி சீனியோ, நாலு முருங்கைக்காயோ இருக்கும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான வேதம். 1982 ஜூலையில் ஒருநாள் காலை சேசம்மாள் சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள். சுலைகா மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அப்போது அவளுக்கு ஏழு மாதம். நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

டாக்டர் என்னவோ காரணம் சொன்னார். சுலைகாவின் மனம் அதை வாங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கு வெறும் பாத்திரம் அனுப்பினாள் அல்லவா, அதுதான் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். துக்கத்துக்கு ஒரு முகவரி தேவைப்படுகிறது. அடுத்த கதவு வசதியாக இருந்தது. அந்தச் சட்டியைக் கழுவக்கூட இல்லை, மூடியை அழுத்திப் பரணில் எறிந்தாள். சுவர் ஓட்டையில் பழந்துணியை அடைத்தாள். மூன்று வருடம் பேச்சில்லை. அது மட்டுமல்ல, அன்றிலிருந்து எந்தச் சின்னக் குறையும் ஓர் உயிரைக் கொண்டுபோய்விடும் என்ற பயம் அவளுக்குள் குடியேறிவிட்டது. தொழுகையில் ஒரு நிமிடம் பிந்தமாட்டாள், நோன்பில் ஓர் இழை பிசகமாட்டாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் அவள் பட்ட பாடு புரியும்.

மே இருபத்தேழாம் தேதி அவள் கையில் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். பாங்கு கேட்டது. வீட்டுக்குள் வெயில். ஷேக் பரீத் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். சந்தில் நோன்பு பிடிக்கும் வீடு வேறு இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. பல்பை அணைத்தாள். வெயில் அப்படியே நின்றது. கம்பிகளைப் பிடுங்கினாள், மின்விசிறிதான் நின்றது. மூன்று மாதமாக மிஞ்சி மிஞ்சி, இறக்க இடம் இல்லாமல், பகல் அந்த வீட்டுக்குள் தேங்கிவிட்டது. பாத்திரத்தில் தேங்கியது போலச் சுவர் ஓரங்களில் கொஞ்சம் தடிப்பாகக்கூட இருந்தது. பழத்தை வாயருகே கொண்டுபோனாள், கை போகவில்லை. வெயிலில் எப்படி நோன்பு திறப்பது? எழுந்து சந்துக்கு வந்து, குழாயடி இருட்டில் நின்று, தண்ணீர் குடித்தாள்.

ஷேக் பரீத் தகட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கோணிச் சாக்கால் மூடினார். பயன் இல்லை, உள்ளே இருந்தது உள்ளேதான் இருந்தது. விஷயம் பள்ளிவாசல் இமாம் இனாயத்துல்லா ஹஜ்ரத்திடம் போனது. அவர் கறாரான மனிதர், ஆனால் சிரிக்கத் தெரிந்தவர். "வானத்து சூரியன்தான் கணக்கு. பல்பு கணக்கில்ல. தாராளமா தெறக்கலாம்" என்று சொல்லிவிட்டார். சட்டம் அவ்வளவுதான், அதில் சந்தேகமே இல்லை. சுலைகாவின் கை மட்டும் அடங்கவில்லை. இந்தப் பெண்ணின் மனத்தைத் தேற்ற வேண்டும் என்று ஹஜ்ரத் மறுநாள் தாமே வந்து அந்த வீட்டில் உட்கார்ந்தார். பாங்கு கேட்டது. பழத்தை எடுத்தார். கை மீசைக்கு நேராக வந்து நின்றது. முழங்கையில் வெயில் சுட்டது, நெற்றியில் வேர்த்தது. பழத்தோடு வெளியே போய் நோன்பு திறந்துவிட்டு வந்தார்.

"சட்டம் சரியாத்தான் இருக்கு. என் கைதான் கேக்க மாட்டேங்குது" என்றார். போகும்போது வாசலில் திரும்பி, "உன்னக் குத்தம் சொல்ல மாட்டேம்மா. ஆனா உடம்ப வருத்தாத. அது அல்லாவுக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் வருத்தம் தானாக வந்தது. ஜூன் முதல் வாரத்தில் பகல் வாசற்படியைத் தாண்டிக் குழாயடி வரை பரவியது. கம்பி போன பதினேழு வீட்டிலும் பொழுது நின்றது. அவர்களுக்கு அதில் குறையில்லை, தையல்காரர் இரண்டு ஆள் வேலை செய்தார். சுலைகா வடாலாவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். அவளுடைய சேலையிலும் தலைமுடியிலும் ஊறியிருந்த பகல் கூடவே போயிற்று. எங்கே உட்கார்ந்தாலும் அவளைச் சுற்றிக் கைநீள அளவுக்கு நாலு மணி. அக்கா வீட்டுப் பிள்ளைகள் அவள் மடியருகே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின. அவள் திரும்பி வந்தாள். இரவு ஒன்பதரைக்கு மேல் அந்த வெளிச்சம் கொஞ்சம் வெளிறும், அப்போது தண்ணீர் குடிப்பாள். பிறகு அது பத்தானது, பிறகு பத்தரை. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. குழாயடியில் ஒருநாள் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். ஷேக் பரீத் கெஞ்சினார், கோபப்பட்டார், அடுத்த சந்தில் அறை எடுக்கிறேன் என்றார். போகிற இடத்துக்கெல்லாம் பகலைச் சுமந்து போகிறவளுக்கு எந்த அறையை எடுப்பது?

சந்தில் பொழுது ஒழுங்காகச் சாய்ந்த வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம், சேசம்மாளின் வீடு. 1982 வேலைநிறுத்தத்தில் மில் நின்றபோது விளக்குக்குக் காசு கட்ட முடியாமல் இழந்த கரண்டு அங்கே திரும்பி வரவே இல்லை. மூன்று வருட இருட்டு மூலைகளில் படிந்து கெட்டிப்பட்டிருந்தது. சுலைகா கம்பி தர மறுத்ததால் அது அப்படியே காப்பாற்றப்பட்டிருந்தது. இது அவளுக்குத் தெரியும். அந்த வாசலைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவள் குழாய்க்குச் சுற்றுவழியில் போனாள்.

ஜூன் பதினொன்றாம் தேதி மழை பிடித்தது. பம்பாய் மழைக்குத் தகரக் கூரையிடம் பழைய பகை உண்டு. ஷேக் பரீத் தகடு மாட்ட அடித்த ஆணித் துளைகள் வழியாக ஆறு இடத்தில் ஒழுகியது. ஒழுகும் இடத்தில் வைக்கப் பாத்திரம் போதாமல் சுலைகா பரணில் கையை விட்டுத் துழாவினாள். கையில் அகப்பட்டது அந்தத் தூக்குச்சட்டி. கைப்பிடி நெளிவைத் தொட்டதுமே தெரிந்தது. திருப்பி வைத்திருப்பாள், ஆனால் மழை காத்திருக்கவில்லை. மூடி மூன்று வருடப் பிசுக்கில் இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் நெம்பினாள்.

உள்ளே இருந்து சாயங்காலம் வந்தது. புகை போல எழும்பவில்லை; தண்ணீர் போலக் கவிழ்ந்து, தரையில் ஒரு தொழுகை விரிப்பின் அகலத்துக்குப் பரவி நின்றது. சுற்றிலும் வெயில், நடுவில் அந்தி. அது இந்த வருடத்து அந்தி இல்லை என்று சுலைகாவுக்கு உடனே புரிந்தது. அதில் வெங்காயம் வதங்கும் வாடை இல்லை, மண்ணெண்ணெய் வாடை இல்லை, ஆறிப்போன சாம்பல் வாடை மட்டும் இருந்தது. காற்று வாகாக இருந்தால் கேட்கும் மில் சங்கு அதில் கேட்கவில்லை. இரண்டு சிறு பெண்பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கஞ்சி இருக்கிறதா என்று கேட்டன. தண்ணி குடிச்சிட்டுப் படுங்க என்று ஒரு குரல் சொன்னது. பிறகு ஒரு தகர டப்பாவைக் கரண்டியால் சுரண்டும் சத்தம். சுரண்டி, நிறுத்தி, மறுபடி சுரண்டி, நெடுநேரம் கழித்து நின்றது.

வெளியே பாங்கு சொன்னார்கள். சுலைகா அந்த விரிப்பளவு இருட்டுக்குள் உட்கார்ந்து, பதினைந்து நாளில் முதல் முறையாக நேரத்துக்கு நோன்பு திறந்தாள். தண்ணீர் உள்ளே போனது, அழுகை வெளியே வந்தது. அன்று சேசம்மாள் வெறும் பாத்திரத்தை அனுப்பவில்லை. வீட்டில் என்ன இருந்ததோ அதைப் போட்டு அனுப்பியிருக்கிறாள். பார்க்கத் தெரியாமல் மூடியது தான்தான் என்பது சுலைகாவுக்கு வலித்தது, பிள்ளையை இழந்த வலிக்குப் பக்கத்திலேயே அந்த வலியும் போய் உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் அந்தி வற்றிவிட்டது. ஷேக் பரீத் வந்தபோது ஆறு இடத்திலும் ஒழுகி வீட்டுக்குள் கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. அவள் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை அதே சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டினாள். மழைத் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடியது.

"யாரு?"

"நான்தான் மைனி."

உள்ளே ஒரு பாத்திரத்தை வைக்கிற ஓசை கேட்டது. பிறகு சேசம்மாளின் குரல்: "வெளிய நின்னு நனையாத. வா."

வாசற்படியைத் தாண்டியதும் சுலைகாவின் மேல் இருந்த பகல் நனைந்த தீக்குச்சி போல அணைந்தது. உடம்பில் நிழல் பட்டு எத்தனை நாளாயிற்று. கண் தெரியவில்லை, கை பிடித்து உட்கார வைத்தது சேசம்மாள்தான். சட்டியை வாங்கியவள் விரலால் கைப்பிடியைத் தடவினாள்.

"அந்தச் சட்டியாளா இது?"

"அதேதான்."

இருட்டில் முகம் தெரியாதது பேசுவதற்கு வசதியாக இருந்தது. சேசம்மாள் சொன்னாள்: "சீனி டப்பாவச் சொரண்டிச் சொரண்டிப் பாத்தேன்ளா. ஒரு துளி வரல. உப்பாவது போடலாம்னா அதும் தீந்து போச்சு. அவ்வொ ஸ்ட்ரைக்குல ஒக்காந்து ஏழாவது மாசம். பக்கத்துல கடன் கேக்கலாம்னா, பக்கத்துல இருக்கது நீதான். உன் பாத்திரத்துல போட்டு அனுப்ப உன்கிட்டயே சீனி கேக்கவா?"

"சொல்லிருக்கலாம்ல மைனி."

"சொல்லத்தான் வந்தேன். நீ ஆஸ்பத்திரில கெடக்கன்னாவ. பெறவு எந்த மூஞ்சிய வச்சிட்டு வருவேன்? என் வெறும் பாத்திரந்தான் உன் புள்ளையக் கொண்டு போயிட்டுன்னு நீ நெனச்ச." சட்டியைத் தரையில் வைத்தாள். "நானும் அப்படித்தான்ளா நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டு இருக்கேன்."

மூன்று வருடமாக ஒரே தகரச் சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் ஒரே பொய்யைச் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். சுலைகா அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "வெறும் பாத்திரம் இல்ல மைனி. உள்ள இருந்துச்சு. நான்தான் சரியாப் பாக்கல." பாங்கு கேட்டது. சேசம்மாள் தம்ளரில் தண்ணீர் நீட்டினாள்.

சட்டியைத் திருப்பித் தரும் நேரம் வந்தபோது சேசம்மாளுக்குப் பழைய சங்கடம். இன்றைக்கும் சீனி இல்லை. இருட்டுதான் வீடு கொள்ளாமல் கிடக்கிறது என்று சிரித்தாள். அதையே போடச் சொன்னாள் சுலைகா. சேசம்மாள் கழுவிய சட்டியை ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் இருந்த மூலைக்குக் கொண்டுபோய், வாயைச் சாய்த்துப் பிடித்து, நிறைந்ததும் மூடினாள். அன்றிலிருந்து நோன்பு முடியும் வரை அதுதான் ஏற்பாடு. கஞ்சி இந்தப் பக்கம் வரும், சாயங்காலம் அந்தப் பக்கம் போகும். பாங்கு கேட்டதும் சுலைகா மூடியைத் திறப்பாள். வீட்டில் பொழுது சாயும். பெருநாள் அன்று ஹஜ்ரத் வந்து அதைப் பார்த்தார். தமக்கும் ஒரு தம்ளர் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நோன்பு முடிந்த பிறகும் சட்டி போய் வந்துகொண்டிருந்தது.

சுவர் ஓட்டையில் அடைத்திருந்த துணியை எடுத்துவிட்டு ஷேக் பரீத் அதன் வழியே கம்பி நுழைத்தார். நாலு பல்பு மாட்டுவதாகச் சொன்னார். சேசம்மாள் ஒன்றோடு நிறுத்தினாள். "புள்ளைய படிக்க ஒண்ணு போதும்ணே. மிச்சத்தையும் மாட்டுனா உங்க வீட்டுக்கு அனுப்ப என்ன இருக்கும்?" இந்தக் கணக்கு ஷேக் பரீத்துக்குப் பிடித்திருந்தது. ஏற்றினால் இறக்க வேண்டும் என்பது அவர் தொழில். இறக்குவதற்கும் ஒரு வீடு வேண்டும் என்பதை இப்போதுதான் கற்றார். மழைக்காலம் முழுக்க அப்பளம் போடும் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து அவர் வீட்டுக்குள் அப்பளம் காயவைத்தார்கள். இன்னாசிமுத்து அந்த வெயிலில் ஒரு பலகையைப் போட்டுக் குடை ரிப்பேர் செய்ய உட்கார்ந்தார். தறி ஓட்டிய விரல் குடைக்கம்பிக்கு ஒத்துவந்தது. வெளிச்சத்தைப் பார்த்துக் கரண்டு திருட்டு என்று யாரோ எழுதிப்போட, அதிகாரி ஒருவர் வந்தார். அரை நாள் தேடினார். வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு கம்பியும் வரவில்லை. 'வெளிச்சம் உண்டு, காரணம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காய்ந்த அப்பளம் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனார்.

1988இல் இன்னாசிமுத்துவுக்கு விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது, இருக்க ஓர் அறையும் கொடுத்தார்கள். பிரிவு இரண்டு பெண்களுக்கும் கசந்தது. ஆனாலும் ஏற்பாடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இன்னாசிமுத்து தூக்குச்சட்டியோடு லோக்கல் ரயிலில் சயான் ஸ்டேஷனுக்கு வருவார். புது அறையில் கரண்டு உண்டு என்றாலும் கட்டிலுக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் ஒரு வாரத்துக்குப் போதுமான இருட்டு சேர்ந்தது. சிக்கனமாகத் திறந்தால் ஏழு சாயங்காலம் வரும். ஒருமுறை காட்கோபர் அருகே மூடி நழுவி, பட்டப்பகல் பன்னிரண்டரைக்குப் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். ஒரு பெண் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டாள். திரும்பும்போது சட்டியில் சீனியோ சேமியாவோ இருக்கும். வெறுமனே போனதில்லை.

1989 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இன்னாசிமுத்து வந்தார். சட்டியை வாசற்படியில் வைத்தார். டீ குடிக்கச் சொன்னதற்கு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று முகம் பார்க்காமல் போனார். சுலைகா மூடியைத் திறந்தாள். வீட்டு வெயில் நேராக அடிவரைக்கும் இறங்கி, எவர்சில்வர் பளபளத்தது. கவிழ்த்துத் தட்டினாள். உள்ளங்கையை விட்டுத் துழாவினாள். ஒரு விரல் இருட்டுகூட இல்லை.

அவள் மூடியை மூடவில்லை, பரணைப் பார்க்கவில்லை. அரிசி டப்பாவை எடுத்துச் சட்டி வாய் வரை கொட்டினாள். சீனியைத் தனியாகக் கட்டினாள், உப்பையும் கட்டினாள். கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த ஷேக் பரீத், எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார்.

"மைனி வீட்ல ஒண்ணுமே இல்ல போல, அனுப்ப இருட்டுகூட. கேக்கவும் மாட்டாவ. நான் போயிட்டு வாரேன்."

"எப்ப வருவ?"

"சட்டி நெறைஞ்ச பெறவு."

அவர் சயான் வரை கூட வந்து ரயிலேற்றிவிட்டார். பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைக்கவில்லை. சட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அவள் விக்ரோலி வரை நின்றே போனாள். அவளைச் சுற்றிக் கைநீளத்துக்கு நாலு மணி வெயில் இருந்ததால், பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றினாள். அதற்குப் பிறகு எட்டு நாள் ஷேக் பரீத்தின் வீட்டில் பொழுது சாயவில்லை. அவர் ஈரத் துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு தூங்கினார். சந்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த வாரம் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தது.